ஏழாம் வளைவில் விட்ட கல்

18-9-78, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். ஆறரைக்கு வண்டி எடுத்தேன். டீசல் சரி. ஆயில் அரை லிட்டர் குறைவு. பின் டயர் இடது பக்கம் தேய்ந்து வழுக்கை. ஷெட்டில் சொன்னேன். "அடுத்த வாரம் பாக்கலாம்ணா." போன வாரமும் இதே அடுத்த வாரம்தான்.

முட்டுக்கட்டை பிளந்து இன்றோடு பதினைந்து நாள். மேட்டில் நிறுத்தும்போது பின்சக்கரத்துக்கு அடியில் வைக்கிற மரக்கட்டை. கயிறு கட்டியிருக்கும், வண்டி நகர்ந்ததும் கண்டக்டர் இழுத்துக்கொண்டு ஏறிவிடலாம். புதுசு கேட்டால் அதற்கும் அடுத்த வாரம். இப்போதைக்குக் கல்தான். ஏழாம் வளைவு ஊற்றில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை தனபால் ஒரு கல்லை முட்டுக் கொடுக்கிறான். கிளம்பினதும் காலால் ஓரம் தள்ளிவிட்டு ஓடி வந்து ஏறுகிறான். நல்ல கண்டக்டர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

இன்றைய அறிவாளிகள்:

1. மூங்கில் லாரி. நியூட்ரலில் இறக்கம். டீசல் மிச்சமாம். லாரி வருவதற்கு முன்னால் பிரேக் கருகிய வாடை வந்தது.

2. ஒரு சைக்கிளில் மூன்று பேர், முன்னால் ஆட்டுக்குட்டி. பெல் கிடையாது. "ஓய் ஓய்" என்று வாயால் கத்திக்கொண்டு வந்தார்கள். ஆட்டுக்குட்டி ஒன்றுதான் பயந்திருந்தது. நாலு பேரில் அதற்குத்தான் அறிவு.

3. வளைவில் ஹாரன் அடிக்காத ஜீப். அரசாங்க ஜீப் என்றால் மலையே ஒதுங்கி வழிவிடும் என்று நினைப்பு.

4. கிளை கட்டிய சைக்கிள் இரண்டு.

இந்தக் கிளை என்னைச் சாகடிக்கும். மலையிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவன் தழையோடு ஒரு கிளையை வெட்டி, கேரியரில் கயிறு போட்டுத் தரையில் இழுபட விடுவான். அதுதான் பிரேக்காம். அடிவாரத்தில் அவிழ்த்து ரோட்டிலேயே போட்டுவிட்டுப் போவான். முள்ளும் குச்சியும் எங்கள் டயருக்கு. பிரேக் ரப்பர் மாத்துங்கடா என்று பதினோரு வருஷமாகச் சொல்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பதினோரு வருஷம் இந்த மலையில். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

வீட்டில் கமலா வைத்த வத்தக்குழம்பு. நன்றாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் நாலு நாளைக்கு அதையே வைப்பாள்.

19-9, செவ்வாய்

மதியம் ஏறும்போதே மேற்கே கருத்துவிட்டது. மேலே சந்தை. உள்ளே நிற்க இடமில்லை, கூரை மேலும் ஆள். ஒன்றரைக்கு ஜமுனாமரத்தூர்.

டீக்கடையில் மலேரியா சம்பத்து. மலை ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய், காய்ச்சல் கண்டவர்கள் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுக்கிறவன். வீட்டுச் சுவரில் பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போவான். அடிவாரத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். வேலை இன்னும் டெம்பரவரி.

"கீழ ரோடு எப்டிண்ணா கீது?"

இது இங்கே வழக்கம். இறங்கப்போகிறவன் ஏறி வந்தவனைக் கேட்பான். மரம் விழுந்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, எதிரே லாரி ஏறுகிறதா. ஏறி வந்தவன் சொன்னால் சரி, அதற்கு மேல் கேள்வி கிடையாது.

"சுத்தமா இருக்குது. மழைக்கு முன்ன இறங்கிடு" என்றேன்.

சைக்கிளில் கிளை கட்டியிருந்தான். "படிச்சவன், கவர்மெண்டு ஆளு, நீயுமாடா?" என்று கேட்டேன். டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அவிழ்த்துப் போட்டான். கிளம்பிவிட்டான்.

மூன்று மணிக்கு நாங்கள் இறங்கினோம். ஏழாம் வளைவில் சம்பத்து ரோட்டில் கிடந்தான். சைக்கிள் ஒரு பக்கம், முன்சக்கரம் கோணிப்போய். தலையில் ரத்தம். வலது கை முழங்கைக்கு மேலே ஒடிந்து தொங்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு இருந்தது. கடைசி நீள சீட்டைக் காலி பண்ணிப் படுக்கவைத்தோம். அவன் பையை நான் எடுத்தேன். உள்ளே எல்லாம் நொறுங்கி, கண்ணாடி என் உள்ளங்கையைக் கீறிவிட்டது.

எங்கேயும் நிறுத்தவில்லை. நல்ல மழை. நாலேகாலுக்குத் திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டேன். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பெரியவர் இறங்கும்போது என் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும்பா" என்றார்.

ஏன் விழுந்தான் தெரியவில்லை. பிரேக் பிடிக்கவில்லையோ என்னவோ.

சட்டையைக் கமலா ஊறவைத்திருக்கிறாள்.

20-9, புதன்

வெயில். இரண்டு டிரிப்பும் சரியான நேரத்தில்.

நேற்று எழுதியதில் ஒரு வரி பொய். ஏன் விழுந்தான் என்று எனக்குத் தெரியும். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. கமலாவுக்குப் படிக்கத் தெரியும், பொறுமை கிடையாது. அப்புறம் யாரை ஏமாற்ற எழுதினேன்?

நடந்தது இது. நேற்று ஏறும்போது வழக்கம் போல ஏழாம் வளைவு ஊற்றில் நிறுத்தினோம். தனபால் கல் வைத்தான். தண்ணீர் ஊற்றினோம். கிளம்பும்போது தூறல் பிடித்தது. கூரை மேல் இருந்தவர்கள் மூட்டை நனையுது என்று தட்டினார்கள். வண்டியை எடுத்தேன். தனபால் கல்லைத் தள்ளக் குனிந்தான். நான் ஹாரனை அழுத்தினேன். அவன் விட்டுவிட்டு ஓடி வந்து தொத்திக்கொண்டான்.

"அண்ணா, கல்லு நடு ரோட்ல கீதுண்ணா."

"வர்றப்ப எடுத்துக்கலாம் வுடு."

சொன்னது நான். அரை மணி கழித்து டீக்கடையில் ரோடு சுத்தம் என்று சொன்னதும் நான். மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்துவிட்டேன், இதில் பொய்யில்லை. பஸ்காரனுக்கு முன்னால் இருக்கிற ரோடுதான் கண்ணில் நிற்கும். தாண்டி வந்த ரோடு அவனுக்குக் கிடையாது.

அவன் விழுந்த இடத்தில் அதே கல். வட்டமாக, பூசணிக்காய் அளவு. சைக்கிள் டயர் இழுத்த கறுப்புக் கோடு அதன் மேல். நாங்கள் சம்பத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது தனபால் அதைப் பள்ளத்தில் உருட்டிவிட்டான். வேறு யாரும் கவனிக்கவில்லை.

இன்று ஊற்றில் கிளம்பும்போது, தனபால் கல்லைத் தள்ளிவிட்டு ஏறும்வரை வண்டியை மெதுவாகவே நகர்த்தினேன். எண்ணிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் ஏறிவிட்டான்.

இன்றைய அறிவாளிகள்: நான். வேறு ஆள் வேண்டாம்.

21-9, வியாழன்

மாலையில் ஆஸ்பத்திரி. சம்பத்து கண் திறந்துவிட்டான். தலையில் கட்டு, கையில் மாவுக்கட்டு. பிழைத்துக்கொள்வான், கை பழையபடி வருமா என்பது இப்போது சொல்ல முடியாதாம்.

அவன் பெண்டாட்டி முனியம்மா வெளித்தாழ்வாரத்தில் இருந்தாள். நான் யார் என்று யாரோ சொன்னார்கள். சட்டென்று காலில் விழுந்துவிட்டாள். "நீங்க இல்லன்னா எங்கதி இன்னாண்ணா ஆயிருக்கும்?" எழுந்திரும்மா எழுந்திரும்மா என்றேன். என் கையில் இரண்டு கொய்யாப்பழத்தைத் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வேறு பேச்சு. சம்பத்து குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊர் பூராவும். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தியது உண்மைதான். விரலைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டில் பையில் உடைந்து சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. என் கையைக் கீறியதே அந்த பாட்டில்தான். கேட்டவர்களிடமெல்லாம் சொல்கிறேன். "நீங்க நல்ல மனுசன், அப்டித்தான் சொல்வீங்க" என்கிறார்கள். அவன் தொடாதவன் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பொங்கலுக்கு மலைச் சாராயம் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். மதுவிலக்கு நேரம். குடித்தான் என்று போலீசு எழுதினால் கேஸ். கேஸ் என்றால் அந்த டெம்பரவரியும் போச்சு.

உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணை மூடியபடி முனகினான். "கல்லு... நடு ரோட்ல கல்லு."

முனியம்மா என்னிடம் தணிந்த குரலில், "கண்ணு தொறந்ததுலேர்ந்து இதே பேச்சுதாண்ணா. எங்க அண்ணன் போய்ப் பாத்துட்டு வந்துச்சு. கல்லும் இல்ல, ஒன்னும் இல்ல. குடிச்சத மறைக்க சொல்லினு கீறாரு" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "பேசாம படு. இருக்கிற மானத்தயும் வாங்காத" என்று ஒரு அதட்டு.

கொய்யாப்பழம் இரண்டையும் வரும் வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டேன்.

22-9, வெள்ளி

ஏட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். முதலில் பார்த்தவன் நான் என்பதால் வாக்குமூலம் வேண்டுமாம். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். "பெரிசா ஒன்னுமில்ல. ரோட்ல தடை எதனா இருந்துச்சா, வாடை வந்துச்சா, ரெண்டு கேள்விதான்." சம்பத்து ஆபீசும் அந்தக் காகிதத்துக்குத்தான் காத்திருக்கிறதாம்.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"கல்லுல உம் பேரு எழுதியிருக்குதா?"

"இல்லிங்க."

"அப்பறம் இன்னா? தடை இல்லன்னு சொல்லிட்டுப் போய்னே இரு. மலைக்கு இருக்கிறதே இந்த ஒரு வண்டி. இத ஸ்டேஷன்ல நிறுத்தி வெச்சா பிரசவத்துக்கு எவன் தூக்கினு வருவான், நீயா?"

அதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. அதுதான் எரிச்சல்.

முட்டுக்கட்டை மட்டும் இன்றே வந்துவிட்டது. புது மரம், புதுக் கயிறு.

23-9, சனி

தூறல். கண்ணாடித் துடைப்பான் பாதியில் நின்றுபோகிறது.

இறங்கும்போது ரோட்டில் எங்கெங்கே கல் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷம் ஸ்டியரிங்கை ஒடித்து விலகிப் போய்க்கொண்டிருந்த கற்கள். நாலாம் வளைவில் ஒன்று, ஒன்பதில் இரண்டு, கோயிலுக்குக் கீழே வரிசையாக மூன்று. எல்லாம் லாரிக்காரர்கள் முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போனவை. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி இறங்கி எடுத்துப்போட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "இன்னாய்யா, டிரைவரு ரோடு வேலைக்கு சேந்துட்டாரா?"

இன்னொரு குரல்: "அவரு நல்ல மனுசன்யா. சம்பத்தக் காப்பாத்துனாரே, அவரு."

முதல் குரலே தேவலை.

இரவு ஏழு மணிக்கு மேல் வெளிச்சமில்லாத சைக்கிள் நாலு. ஒருத்தன் மட்டும் பின்னால் வெள்ளைத் துணி கட்டியிருந்தான். அது தூரத்திலிருந்தே தெரிந்தது. இதைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதப் பிடிக்கவில்லை.

24-9, ஞாயிறு

எனக்கு லீவு. முகச்சவரம். செருப்பு தைக்கக் கொடுத்தேன்.

பதினோரு மணிக்குத் தனபால் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை.

"நாளிக்கு இன்னாண்ணா சொல்லப் போறீங்க?"

"தெரியலடா."

"கல்ல உருட்டுனது நாந்தாண்ணா. தடயத்த மறச்சான்னு என்னத்தான் உள்ள வெப்பாங்க. ரெண்டு பொண்ணு வெச்சுனு கீறேன்." கண் கலங்கிவிட்டான். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறவன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அவன் போன பிறகு இதையும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். புதன்கிழமை எழுதியதும் முழுசாக இல்லை. தனபால் செவ்வாய்க்கிழமை அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றான். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் பள்ளத்துப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அப்புறம்தான் உருட்டினான். சம்பத்தின் தலை அப்போது என் மடியில் இருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைக் காட்டினேன்.

இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததாக ஞாபகம் இல்லை.

சாப்பிடும்போது கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை. "அந்த வலது கையிலதான அவன் ஊசி குத்தணும், எழுதணும், சைக்கிள் புடிக்கணும்? கையும் போயி வேலயும் போச்சுன்னா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "எழுதிக் குடுத்துட்டு வாங்க. நம்ம வூட்டுக்கு இன்னா வருதோ அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

மோர் ஊற்றினாள். உப்பு அதிகம்.

25-9, திங்கள்

ஸ்டேஷன். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் என்னோடு சேவல் திருடிய கேஸ் ஒன்று. சேவலும் இருந்தது.

ஏட்டு முன்னாலேயே எழுதி வைத்திருந்தார். நான் படித்துப் பார்க்கிறேன் என்றதும் ஆச்சரியம். "சாலையில் தடை ஏதும் காணப்படவில்லை. அடிபட்டவர் மீது சாராய வாடை வீசியது." கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"இது தப்புங்க" என்றேன்.

"எது?"

"ரெண்டும்."

சொன்னேன். கல் வைத்தது எங்கள் வண்டிக்கு. கண்டக்டர் எடுக்கப் போனபோது தடுத்து ஏறச் சொன்னது நான். சம்பத்தை ரோடு சுத்தம் என்று அனுப்பியது நான். விழுந்த பிறகு கல்லை உருட்டியது கண்டக்டர், உருட்டச் சொன்னது நான். வாடை ஸ்பிரிட்டுடையது, இதோ பாட்டில் கீறிய காயம் என்று கையை நீட்டினேன். காயம் ஆறிப்போய் வெறும் கோடுதான் இருந்தது.

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சுக்கோய்யா. உன்ன எவனும் கேக்கல. ஊரே உன்ன தலையில தூக்கி வெச்சுனு ஆடுது. இத எழுதிட்டா கேஸ் உம்மேலதான். லைசென்சு போனாலும் போவும்."

"எழுதுங்க."

மூன்று பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. சேவல் கூவியது. வயிறு பசித்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. தைரியமாக எதையோ செய்துவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

மாலை முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கேஸ் முடிகிறவரை வர வேண்டாம் என்றார். தனபால் வேலையில் இருக்கிறான், அதுவரை நல்லது. நாளையிலிருந்து வேறு டிரைவர். ஒன்பதாம் வளைவில் இரண்டாவது கியரில் இழுக்காது, முதலுக்கு வந்துவிட வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

26-9, செவ்வாய்

ஆறரைக்கு விழிப்பு வந்துவிட்டது. போக இடமில்லை. வேலி கட்டினேன். பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். போலீசில் சொன்னது போதாது, அவனிடம் நானே சொல்ல வேண்டும்.

சம்பத்து சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முனியம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள். "உக்காருங்கண்ணா." உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது.

நின்றபடியே சொன்னேன். ஸ்டேஷனில் சொன்ன அதே வரிசை. கேலி பண்ணிக் கிளையை அவிழ்க்க வைத்ததையும் சேர்த்தேன். அது மூன்று பக்கத்தில் வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன், உன்மேல் கேஸ் வராது, குடித்தான் என்று இனி யாரும் எழுத முடியாது என்றேன். எதிர்க்கட்டில்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சம்பத்து என்னைப் பார்க்கவில்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப கல்லு இருந்துச்சு" என்றான்.

"இருந்துச்சுப்பா."

"நல்லா இறங்கினு இருந்தேன். நீங்க சொன்னீங்களேன்னு பிரேக்க லூசா வுட்டுட்டேன்."

மன்னிச்சுக்கப்பா என்று சொன்னேன். அது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

முனியம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என் பக்கம் வரவில்லை. அவன் பக்கம் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான்கூட நம்பலியே மாமா. ஆறு நாளா கல்லு கல்லுன்னு சொல்லினே இருந்தியே. குடிகாரப் பேச்சுன்னு உன்ன எத்தன பேச்சு பேசிட்டேன். எங்க அண்ணன் உம் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டுப் போச்சே, அப்பகூட வாயத் தொறக்காம நின்னேனே."

அவன் நல்ல கையை மெல்ல நகர்த்தினான். அவள் அதை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கஞ்சி ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது.

என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.